சத்தமில்லா டயர்

டயர் வாங்கப் போன இடத்தில் டயரைத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பிக்கப்காரர் அதைத்தான் செய்தார். கடை வாசலில் அடுக்கியிருந்த புது டயர்களில் ஒன்றை உருட்டி வந்து நிறுத்தி, உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். குனிந்து கேட்டார். பிறகு அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை உருட்டினார். கடைக்காரர் டீ ஆறுவதையும் மறந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக டயர் விற்கிறார். தர்பூசணி வாங்குவது மாதிரி டயர் வாங்க வந்தவர் இவர் ஒருவர்தான்.

"என்னண்ணே தேடறீங்க?" என்றார் கடைசியில்.

"சத்தம் வரக் கூடாது. குலுக்கக் கூடாது" என்றார் பிக்கப்காரர்.

அவருக்கு இதுவே பெரிய பேச்சு. அவருக்கும் பேச்சுக்கும் ஏழாம் பொருத்தம். கல்குவாரியில் அவருக்கு உம்மண்ணன் என்றே பெயர். சாப்பிட்டாச்சா என்றால் உம். லோடு ஏத்தலாமா என்றால் உம். பாறைக்கு வெடி வைக்கும்போது எல்லாரையும் தள்ளிப் போகச் சொல்லிக் கத்துகிற வேலையை இவரிடம் கொடுத்தால், இவர் ஒரு உம் போடுவார், நாம் அத்தனை பேரும் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று துளை போடுகிறவர்கள் சிரிப்பார்கள். அதற்கும் அவர் உம் என்றுதான் சொல்வார்.

குவாரி மலையின் அடிவாரத்தில் தகரக்கூரை போட்ட வீடுகள் ஒரு வரிசை. அதில் கடைசி வீடு அவருடையது. அங்கிருந்து தார் ரோட்டைத் தொடப் பதினாலு கிலோமீட்டர், முழுக்க ஜல்லித் தடம். நடுவில் ஒரு ஓடை. மழை பெய்தால் அதில் தண்ணீர் ஓடும், பெய்யாவிட்டால் குண்டுக்கல் கிடக்கும், இரண்டில் எது மேல் என்று இதுவரை யாரும் முடிவு பண்ணவில்லை. டீசல் பீப்பாயும் துளைக் கம்பிகளும் மிஷின் சாமான்களும் அந்தத் தடத்தில் ஏற்றிப் போவதுதான் அவர் பிழைப்பு. அதற்காக நாலு சக்கரத்திலும் சேற்று டயர் போட்டிருந்தார். செங்கல் மாதிரிப் பெரிய பெரிய கட்டைகள், நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. கல் கிழிக்காது, சேற்றில் வழுக்காது. ஆனால் தார் ரோட்டில் ஏறினால் ஊரைக் கூட்டுகிற ஊளை. வண்டிக்குள் பக்கத்தில் இருப்பவரிடம் மணி என்ன என்று கேட்க வேண்டுமானாலும் கத்த வேண்டும். கத்துவதும் அவருக்கு ஆகாத காரியம். ஆகவே பேசாமலே வருவார்கள், போவார்கள்.

இத்தனை வருஷம் அந்தச் சத்தம் யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை. இந்த வருஷம் அவர் மனைவிக்கு முதுகில் வலி வந்தது. தண்ணீர்க் குடம் தூக்கியதால் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நாலு மாதம் தைலம் தேய்த்தார்கள். பிறகு படம் எடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பில் கட்டி இருந்தது. இருபத்தைந்து நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும், சனி ஞாயிறு தவிர ஒரு நாள்கூட விடக் கூடாது, நடுவில் விட்டால் வைத்ததெல்லாம் வீண் என்று டாக்டர் சொன்னார். நடக்க முடிகிறவர்களுக்கு டவுன் ஆஸ்பத்திரியில் படுக்கை கிடையாது. டவுனில் அறை எடுத்துத் தங்கலாம் என்றதற்கு, யார் யாரோ படுத்த கட்டிலில் நான் படுக்க மாட்டேன், ராத்திரி என் வீட்டில்தான் கிடப்பேன் என்று அவள் ஒரே பிடியாக நின்றாள். வாடகைக் கார்க்காரர்களோ ஜல்லித் தடம் என்றதுமே போனை வைத்துவிட்டார்கள். ஒரு முறை ஆம்புலன்ஸ் வந்தது. ஓடையைப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது.

ஆகவே பிக்கப்தான். பதினோரு நாள் கூட்டிப் போய்க் கூட்டி வந்தார். பன்னிரண்டாம் நாள் காலை, அவள் புடவை மாற்றி, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நான் வரல" என்றாள்.

அழவில்லை, கோபப்படவில்லை. இன்றைக்குச் சோறு வேண்டாம் என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அவள் அக்கா, உதவிக்கு என்று வந்து இரண்டு வாரமாக அங்கேயே தங்கியிருப்பவள், கரண்டியும் கையுமாக அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். அந்த அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலில் தங்கையைத் திட்டினாள், அப்புறம் டாக்டரை, அப்புறம் ரோடு போடாத ஆட்களை. கடைசியில் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்து, இது வண்டியா, உரல்ல போட்டு இடிக்கிற மாதிரி இல்ல இருக்கு, நல்லா இருக்கிற நானே ஒரு நாள் ஏறிட்டு மூணு நாள் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடந்தேன் என்று ஒரு மூச்சு அழுது தீர்த்தாள். மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, மெதுவாகப் படுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை போனது. வெள்ளிக்கிழமையும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் பண்ணினாள். திங்கட்கிழமையாவது வராவிட்டால் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கும், அதற்கு உடம்பு தாங்குமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றாள். அவர் உம் என்று சொல்லிப் போனை வைத்தார்.

அவருக்கு என்னவோ ஆகியிருந்தது. படத்தைக் காட்டி டாக்டர் சொன்ன அன்றிலிருந்தே அப்படித்தான். கால் மரத்துப் போனால் கிள்ளினாலும் தெரியாதில்லையா, அது மாதிரி. துக்கம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. பசித்தது, சாப்பிட்டார். தூக்கம் வந்தது, தூங்கினார். ஆயில் மாற்றுகிற தேதி வந்தபோது மறக்காமல் மாற்றினார். பெண்டாட்டி இப்படிக் கிடக்கும்போது ஒரு மனுஷனுக்கு ஆயில் ஞாபகம் வருமா என்று தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்புகூடக் கொஞ்ச நேரம்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"டயர மாத்திடறேன்" என்றார்.

அவள் சுவரைப் பார்த்தபடியே யோசித்தாள். "மாத்துங்க. ஒரு தடவ ஏறிப் பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்துச்சுன்னா, அதுக்கப்புறம் என்னை யாரும் கேக்கக் கூடாது. அக்காவும் கேக்கக் கூடாது."

இதுதான் சனிக்கிழமை காலையில் டயர்க்கடையில் நடந்த தர்பூசணிக் கதைக்குக் காரணம்.

கடைக்காரர் முதலில் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தார். சத்தமில்லாமல்தானே, தார் ரோட்டு டயர் போட்டால் வண்டி பூனை நடை நடக்கும் என்றார். ரோடு எப்படி என்று கேட்டார். குவாரி ஜல்லி, பதினாலு கிலோமீட்டர் என்றதும் உற்சாகம் இறங்கியது. அந்த ஜல்லி ஒரே வாரத்தில் டயரின் விலாவைக் கிழித்துவிடும் என்றார். நோயாளியைக் கூட்டிக்கொண்டு போகிறபோது நடு வழியில் நின்றால் என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை, ஏனென்றால் நோயாளி விஷயம் அவருக்கு இன்னும் தெரியாது. ஆனாலும் பொதுவாக வேண்டாம் என்றார். உள்ளே போய் வேறு இரண்டு டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இது ரெண்டுங்கெட்டான் டயர்ணே. நல்ல அர்த்தத்துலதான் சொல்றேன். ஜல்லியும் ஓடும், தாரும் ஓடும். உங்க பழைய டயர்ல கட்டையெல்லாம் ஒரே சைஸு. ஒவ்வொண்ணும் தார்ல அறையும்போது ஒரே தாளத்துல அறையும், அதான் ஊளை. இதுல பாருங்க, சின்னதும் பெருசுமா கலந்து வெச்சிருக்கான். ஒண்ணோட சத்தத்த இன்னொண்ணு அமுக்கிடும்."

பிக்கப்காரர் இரண்டு டயரின் விலாவையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஒன்று கல் மாதிரி இருந்தது. இன்னொன்று கொஞ்சம் கொடுத்தது.

"அது பத்து ப்ளை, உள்ள பத்து அடுக்கு. இது ஆறு ப்ளை" என்றார் கடைக்காரர். "உங்க வேலைக்குப் பத்துதான் சரி. ஆறு மெத்துன்னு போகும், ஆனா பாதி லோடுக்கு மேல தாங்காது. வண்டி லோடுக்கா, ஆளுக்கா? அதச் சொல்லுங்க மொதல்ல."

பிக்கப்காரர் ஆறு ப்ளை டயர்மேல் கையை வைத்தபடி நின்றார். பாதி லோடு என்றால் அதே வேலைக்கு இரண்டு நடை போக வேண்டும். குவாரி மேஸ்திரி முகத்தைச் சுளிப்பார், வேறு வண்டி பார்த்தாலும் பார்ப்பார். இதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, பயமாக இல்லை.

"வீட்டுல முதுகுல கட்டி" என்றார். "கரண்டு வெக்கக் கூட்டிட்டுப் போறேன். குலுங்குதுன்னு வர மாட்டேங்கறா."

கடைக்காரர் அதற்குமேல் வியாபாரம் பேசவில்லை. சரிண்ணே, ஆறு ப்ளையே போட்டுடலாம் என்று மட்டும் சொல்லி, தானே ஜாக்கியை எடுத்து வந்து குந்தினார். பழைய டயரைக் கழற்றும் முன் வழக்கம் போலக் காற்றுமானியை வைத்துப் பார்த்தார். துடைத்து மறுபடி வைத்துப் பார்த்தார். மற்ற மூன்றிலும் வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அறுபத்தஞ்சு பவுண்டு இருக்கு. இந்தக் காத்தோடயா அவங்களக் கூட்டிட்டுப் போனீங்க?"

"உம்."

"காலி வண்டிக்கா?"

குவாரி வண்டிக்காரர்கள் யாரும் காலி வண்டிக்கு என்று காற்றடிப்பதில்லை. மலையில் காற்று மிஷின் கிடையாது. டவுனுக்கு வருகிறபோது முழு லோடுக்கு வேண்டியதை அடித்துக்கொண்டு போவார்கள், அந்த வாரம் முழுக்க அதுதான். அதிலும் இவர் ஒரு படி மேலே போயிருந்தார். மனைவியை ஏற்றுகிறோமே, வழியில் பஞ்சராகி நின்றுவிடக் கூடாதே என்று முதல் நாளே ஐந்து பவுண்டு சேர்த்து அடித்திருந்தார்.

"காலி வண்டிக்கு முப்பத்தஞ்சு போதும்ணே" என்றார் கடைக்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. "இத எறக்கி விட்டிருந்தாலே இடி பாதி கொறஞ்சிருக்கும். அதுக்கு டயரே மாத்த வேணாம்."

சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்று அவருக்கே ஆகியிருக்க வேண்டும். வால்வை அழுத்திக் காற்றைத் திறந்துவிட்டார். அது நெடுநேரம் சீறிக்கொண்டிருந்தது. பிக்கப்காரர் பக்கத்தில் நின்று கேட்டார். பதினோரு நாள் போக வர அவளை அந்தக் காற்றின்மேல் உட்கார வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு அட்சரம் பிசகாமல் புரிந்தது. நெஞ்சில் ஏதாவது அடைக்கும் என்று பார்த்தார். ஒன்றும் அடைக்கவில்லை. நாலு டயரும் மாட்டி முடித்ததும் கடைக்காரர் கொடுத்த டீயைக் குடித்தார், டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா முட்டையை வேக வைத்து, சோற்றைக் குழைய வடித்து, தங்கைக்குப் பிசைந்து ஊட்டினாள். மூன்று வாய்க்குமேல் இறங்கவில்லை. மீதியை அவரிடம் கொடுத்தாள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தின்று முடித்தார். அக்கா பாத்திரம் கழுவப் பின்பக்கம் போன பிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"காத்து ஜாஸ்தியா இருந்திருக்கு."

"எதுல?"

"டயர்ல. எறக்கியிருந்தா இவ்ளோ குலுங்கியிருக்காது. நான்தான் அடிச்சேன்."

"என்னைக்கு?"

"மொத நாளே. எல்லா நாளும் அதே காத்துதான்."

அவள் கூரையைப் பார்த்தாள். தகரத்தில் வெயில் ஏறி டப் டப்பென்று வெடித்துக்கொண்டிருந்தது.

"சரி விடுங்க" என்றாள். "நீங்களும் அதே வண்டிலதான வந்தீங்க."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

திங்கட்கிழமை காலையில் அக்கா இருக்கையில் இரண்டு தலையணை வைத்தாள், ஒன்றை எடுத்தாள், மறுபடி வைத்தாள். தண்ணீர் பாட்டில், வலி மாத்திரை, துண்டு எல்லாம் கொண்டுவந்து கொடுத்தாள். தானும் வருவதாகச் சொன்னாள். மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். தம்பி, மெதுவா போங்க, மாடு முன்னால வந்தா மாட்டுக்குத் தோதா போங்க என்று வண்டி நகர்ந்த பின்னும் அக்கா கூடவே நாலு எட்டு நடந்து வந்தாள்.

வண்டி போகிற விதமே வேறாக இருந்தது. ஜல்லியின்மேல் தடதடவென்று குதித்துப் போவது, இப்போது அழுந்தி அழுந்திப் போயிற்று. அதைவிட, சத்தம். இத்தனை வருஷம் ஓட்டிய வண்டியில் இப்படியெல்லாம் சின்னச் சின்னச் சத்தங்கள் இருக்கும் என்பதே அவருக்குத் தெரியாது. சாவிக்கொத்து ஆடுவது கேட்டது. பாட்டிலில் தண்ணீர் அலம்புவது கேட்டது. ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எப்படி?" என்றார்.

"இடி கொறஞ்சிருக்கு. நல்லாவே கொறஞ்சிருக்கு."

இரண்டு கிலோமீட்டர் தாண்டியிருக்காது, அந்தச் சத்தம் வந்தது. சின்னச் சத்தம். சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறபோது எங்கோ ஏதோ உரசுகிற மாதிரி ஒரு ங் என்ற சத்தம். அடுத்த பள்ளத்திலும் வந்தது. அவர் வண்டியை நிறுத்தினார். டயர் மாற்றும்போது எதையாவது சரியாக முடுக்காமல் விட்டிருப்பார்கள். இறங்கி, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பட்டை ஸ்பிரிங்கின் ரப்பர் புஷ்ஷை ஆட்டிப் பார்த்தார். சைலன்சர் கிளாம்பை இழுத்துப் பார்த்தார். சக்கரத்து நட்டு ஒவ்வொன்றையும் ஸ்பேனர் போட்டு முடுக்கினார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. சட்டை முதுகு முழுக்க ஜல்லிப் பொடியோடு மறுபடி ஏறினார்.

"என்ன?" என்றாள்.

"ஏதோ சத்தம் வருது. பள்ளத்துல எறங்கினா வருது. உனக்குக் கேக்குதா?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள்.

அதன் பிறகு ஐந்தாறு பள்ளங்களில் சத்தம் வரவில்லை. நட்டில்தான் கோளாறு இருந்திருக்கிறது, முடுக்கியதில் சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஓடை வந்தது. இறக்கத்தில் எவ்வளவு பிடித்தும், முன் சக்கரம் ஒரு குண்டுக்கல்லிலிருந்து வழுக்கிப் பொத்தென்று இறங்கிற்று. இந்தத் தடவை சத்தம் பெரிதாக வந்தது. அவர் திரும்பினார். அவள் துண்டைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கண்கள் இறுக்கி மூடியிருந்தன.

ஓடையின் நடுவிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். இஞ்சினையும் அணைத்தார்.

"நீயா?" என்றார்.

அவள் துண்டை எடுத்தாள். உதட்டில் நூல் ஒட்டியிருந்தது.

"எப்பவும் வருமா?"

"பள்ளத்துல விழுந்தா வரும்."

"பதினோரு நாளும்?"

"பழைய டயர் போட்ட சத்தத்துல உங்களுக்குக் கேக்காதுன்னு தெரியும். அதனால நான் பாட்டுக்கு முனகிட்டு வருவேன். அது ஒரு சௌகரியம். இப்ப அதுக்கும் வழியில்ல, எல்லாம் கேக்குது." கொஞ்சம் சிரிக்கப் பார்த்தாள். "டயர் நல்ல டயர்தான்."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் படம் காட்டிய அன்றிலிருந்து இருபத்தெட்டு நாளாக எங்கோ போயிருந்த வலி இந்த ஓடைக்குள் வந்து அவரைப் பிடித்தது. ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து பதினோரு நாள் அவள் முனகியிருக்கிறாள். இவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். வண்டிக்கு அடியில் ஒரு புஷ் தேய்ந்தால் மட்டும் அரை மைலிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"திருப்பிடவா?" என்றார்.

அவள் யோசித்தாள். அவசரப்படாமல், நிஜமாகவே யோசித்தாள். அவர் காத்திருந்தார்.

"இவ்ளோ தூரம் வந்தாச்சே" என்றாள். "எடுங்க."

"வாய மூடாத. முனகு. கேட்டா கேக்கட்டும்."

இஞ்சினைப் போட்டார். வண்டி ஒரு முழம் நகர்வதற்குள் சொன்னார்: "முன்னால கல்லு. எடது பக்கம் தூக்கும்."

தூக்கிற்று. அவள் மேலே இருந்த கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தாள். முனகல் வந்தது, ஆனால் சிறியதாக வந்தது.

"இப்ப ஏத்தம். முதுக சாச்சுக்க. ஏறினதும் ஒரு குழி, சின்னதுதான்." ஏறினார்கள். "குழி." இறங்கிற்று. "இனி கொஞ்ச தூரம் வெறும் ஜல்லி. அந்தப் பாறை தாண்டி ரெண்டு பள்ளம், அடுத்தடுத்து. மொதல்ல சின்னது, அப்புறம் பெருசு."

பதினாலு கிலோமீட்டரில் எந்தப் பள்ளம் எங்கே என்று அவருக்கு மனப்பாடம். அதை யாரிடமாவது சொல்லலாம் என்று மட்டும் தோன்றியதில்லை. இப்போது ஒன்று விடாமல் சொன்னார். தொண்டை வறண்டது. பழக்கமில்லாத வேலை. எச்சிலை விழுங்கிவிட்டு மறுபடி சொன்னார். சில இடங்களில் வலதுக்கு எடது என்று மாற்றிச் சொல்லி, இல்லல்ல, வலது என்று திருத்தினார். அவளும் அதற்குத் தகுந்தாற்போல் சாய்ந்தாள், நிமிர்ந்தாள், முனகினாள்.

தார் ரோட்டில் சக்கரம் ஏறியபோது ஊளை எதுவும் இல்லை, காற்றுச் சத்தம் மட்டும்தான்.

"அவ்ளோதான்" என்றார். "இனி ஆஸ்பத்திரி வரைக்கும் பள்ளம் கெடையாது."

"இல்லாட்டியும் சொல்லிட்டே வாங்க" என்றாள்.

ஒரு பாலம் வருது என்றார். அது முடிஞ்சதும் வளைவு என்றார். முன்னால ஒரு லாரி போகுது, தாண்ட மாட்டேன், பின்னாலயே போறேன் என்றார். கண்ணிலிருந்து நீர் வழிந்து மோவாயில் சொட்டிற்று. கியரில் கை இருந்ததால் துடைக்கவில்லை.

அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரிக் கட்டடம் தெரிகிற இடத்தில் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

"நாளைக்கு அந்த ஓடைய மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னாடியே சொல்லிடுங்க."

"எவ்ளோ முன்னாடி?"

"நான் ஒரு மூச்சு இழுத்து வெச்சுக்கற அளவுக்கு."